சாவிக்கொத்து கைக்கு வந்த பிறகு: புதிதாக வார்டு இன்சார்ஜ் ஆனவர்களுக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நர்சிங் சூப்பிரின்டெண்ட் அறைக்குக் கூப்பிட்டு, "திங்கட்கிழமையிலிருந்து நீதான் இன்சார்ஜ்" என்பார். பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் பயிற்சி அவ்வளவுதான். நோயாளியைப் பார்த்துக்கொள்ளத்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது ஜி.என்.எம். ஆனாலும் பி.எஸ்சி. ஆனாலும் பரீட்சையில் ஒரு பத்து மார்க் கேள்வியோடு முடிந்திருக்கும்.

ஸ்டாஃப் நர்சாகவும் இன்சார்ஜாகவும் பல வருடம் மருத்துவ வார்டு, சர்ஜிக்கல் வார்டு என்று சுற்றியவள் நான். இன்சார்ஜாக நான் சரியாக இருக்கிறேனா என்பதற்கு ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்திருந்தேன்: வார்டில் ஒரு பெண் தப்பு செய்துவிட்டால், முதலில் என்னிடம் ஓடி வருகிறாளா, என்னிடமிருந்து மறைக்கிறாளா? கீழே உள்ளதையெல்லாம் அதை மனதில் வைத்தே படியுங்கள்.

முதல் வாரம்: பொருளை எண்ணுங்கள், ஆளைக் கேளுங்கள்

பழைய இன்சார்ஜ் சாவியைக் கொடுத்ததும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். மார்ஃபின், ஃபென்டனில் ஆம்பூல்கள் ரிஜிஸ்டரோடு ஒத்துப்போகிறதா? கிராஷ் கார்ட்டை (அவசர மருந்து, கருவி வண்டி) திறந்து லாரிங்கோஸ்கோப் பல்பு எரிகிறதா, டீஃபிப் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) சார்ஜ் ஆகிறதா, அட்ரினலின் காலாவதித் தேதி என்ன, ஆக்ஸிஜன் சிலிண்டரில் அளவு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். கையெழுத்துப் போட்ட மறு நிமிடத்திலிருந்து பழைய குறையெல்லாம் உங்கள் குறைதான்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். நர்சிங் கவுன்சில் பதிவு எந்தத் தேதி வரை செல்லும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் (0, 1, 6 மாதம்) போட்டாயிற்றா, டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு) 10க்கு மேல் இருக்கிறதா, பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ் எப்போது முடிகிறது. இவை ஆபீஸ் ஃபைலிலும் கிடைக்கும். ஃபைலில் கிடைக்காதவைதான் முக்கியம்: ஹாஸ்டலா வீடா, ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், மாமியாருக்கு டயாலிசிஸ் ஓடுகிறதா. இதைக் கேட்க ஒவ்வொருவரோடும் 15 நிமிடம் தனியாக உட்காருங்கள். நர்சிங் ஸ்டேஷனில் நின்றுகொண்டு கேட்டால் பதில் வராது; டீ வாங்கிக்கொண்டு டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போய்விடுங்கள். மூன்று கேள்வி போதும். இந்த வார்டில் உனக்குக் கஷ்டமான வேலை எது? எதைச் செய்யும்போது கை நடுங்குகிறது? நான் எதை மாற்றினால் உனக்கு நிம்மதி? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களில் சின்னதாக ஒன்றை அந்த வாரமே செய்து கொடுங்கள். எனக்கு வந்தது, உடைந்த பி.பி. கஃப். இரண்டு மாதமாக இன்டென்ட் போட்டும் வராததை ஸ்டோருக்கு நேரில் போய் வாங்கி வந்தேன். அதற்குப் பிறகுதான் என்னிடம் பேச ஆரம்பித்தார்கள்.

நேற்று வரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்

உங்கள் பேட்ச்காரி ஒருத்தி அதே வார்டில் இருப்பாள். உங்களைவிட சீனியர் ஒருவரும் இருக்கலாம். அந்தப் பதவி தனக்கு வந்திருக்க வேண்டும் என்று அவர் நினைப்பதில் தப்பும் இல்லை. சீனியரிடம் முதல் நாளே போய், "அக்கா, எனக்கு இந்த வேலை புதுசு. நீங்கள் கூட நிற்கணும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்வதோடு விடாமல், புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை எழுத்தில் அவர் பேருக்குக் கொடுங்கள். பேட்ச்காரியோடு மதியம் சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் அந்தச் சாப்பாட்டில் இன்னொரு ஸ்டாஃபைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. ஒரே ஒரு தடவை பேசினால் போதும், நைட் டூட்டிக்காரர்கள் வரைக்கும் போய்விடும்.

ரோஸ்டர்: வார்டின் பாதிச் சண்டை இங்கேதான்

முதலில் கணக்கு. பொது வார்டில் 6 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நம் நாட்டில் வழக்கமாகச் சொல்லும் அளவு, ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒருவர். 30 படுக்கை வார்டு என்றால் ஷிஃப்டுக்கு 5 பேர், மூன்று ஷிஃப்டுக்கு 15 பேர். வார ஆஃப், சி.எல்., உடம்பு முடியாமை எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 சதவீதம் ரிசர்வ் வைக்க வேண்டும் என்கிறது இந்தியன் நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஆக, கிட்டத்தட்ட 20 பேர். உங்களிடம் 12 பேர் இருப்பார்கள்.

"ஆள் பத்தலை மேடம்" என்று சூப்பிரின்டெண்டிடம் போய் நின்றால், "எங்கேயும்தான் பத்தலை" என்று திரும்பி வரும். ஒரு மாதம் தினமும் காலையில் ஒரு வரி எழுதுங்கள்: இன்று எத்தனை பேர் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள், எத்தனை பேருக்கு ரத்தம் ஏறுகிறது, எத்தனை பேருக்கு மணிக்கொரு முறை வைட்டல்ஸ் (பி.பி., பல்ஸ் போன்றவை), எத்தனை டிஸ்சார்ஜ், எத்தனை அட்மிஷன், டூட்டியில் எத்தனை பேர். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உடனே ஆள் வராது. ஆனால் அடுத்த தடவை உங்கள் வார்டிலிருந்து ஒருத்தியை வேறு வார்டுக்கு இழுக்க நினைக்கும்போது யோசிப்பார்கள்.

இனி போடும் முறை. நான் கடைப்பிடித்தவை இவை:

நைட் முடித்து இறங்கியவளை அடுத்த காலை டூட்டிக்குப் போடாதீர்கள். நைட் ஆஃபைத் தொடாதீர்கள். ஆள் இல்லாத நாளில் முதலில் கை போகும் இடம் அதுதான், முதலில் வேலையை விட்டுப் போகவைப்பதும் அதுதான். இரண்டு புதியவர்களை ஒரே நைட்டில் சேர்த்துப் போடாதீர்கள், எவ்வளவு கெட்டிக்காரிகளாக இருந்தாலும். மாதத்துக்கு ஆளுக்கு இரண்டு விருப்ப நாள் கேட்கலாம் என்று வைத்து, 20ஆம் தேதிக்குள் எழுதித் தரச் சொல்லுங்கள். 25ஆம் தேதிக்குள் அடுத்த மாத ரோஸ்டர் சுவரில் ஒட்டப்பட வேண்டும். டூட்டி மாற்றிக்கொள்வது என்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு உங்களிடம் காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் அவர்களுக்குள் பேசி முடித்தது செல்லாது.

பண்டிகைக்கு ஒரு தனிக் கணக்கு வையுங்கள். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான், ஓணம். யார் எந்த வருடம் எதற்கு டூட்டி பார்த்தார்கள் என்று. "போன பொங்கலும் நான்தான் சிஸ்டர்" என்று ஒருத்தி கண் கலங்கும்போது உங்கள் ஞாபக சக்தி உதவாது, அந்த நோட்டுத்தான் உதவும். கல்யாணம் ஆகாத, ஹாஸ்டலில் இருக்கிற பெண்தான் எல்லாப் பண்டிகைக்கும் மாட்டுவாள். அவளுக்கும் ஊரில் அம்மா இருக்கிறாள்.

கர்ப்பமாக இருப்பவர்கள் சொன்ன அன்றே அவர்கள் விடுப்பைத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. திரும்பி வந்த பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை உண்டு. பலருக்கு இது தெரியாது, கேட்கவும் கூச்சப்படுவார்கள். நீங்களே சொல்லுங்கள். ஆறு மாதம் முன்பே தெரிந்த விடுப்புக்குக் கடைசி வாரத்தில் ஆள் தேடுவது அவள் குற்றம் இல்லை, நம் சோம்பேறித்தனம்.

காலை ரவுண்ட்ஸ்: கையால் பாருங்கள்

ஹேண்டோவரை நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஒப்பிக்க விடாதீர்கள். படுக்கைப் பக்கத்தில் நின்று, இறங்குகிறவளும் ஏறுகிறவளும் சேர்ந்து பார்க்க வேண்டும். வேலையைப் பிரிக்கும்போது 'ஒருத்தி பி.பி., ஒருத்தி ஊசி, ஒருத்தி டிரெஸ்ஸிங்' என்று பிரிக்கும் பழைய வழக்கம் வேகமாகத் தெரியும். ஆனால் அதில் நோயாளியை முழுசாகப் பார்க்கிற ஆள் ஒருவர்கூட இல்லாமல் போய்விடும். முடிந்தவரை ஆளுக்கு இத்தனை படுக்கை என்று கொடுங்கள்.

டாக்டர் ரவுண்ட்ஸுக்கு முன் நீங்கள் தனியாக ஒரு சுற்று போங்கள். கேஸ் ஷீட்டை அப்புறம் பார்க்கலாம். கேனுலா (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் குழாய்) போட்ட இடம் சிவந்திருக்கிறதா, அதில் தேதி எழுதியிருக்கிறதா, டிரிப் சொன்ன வேகத்தில் ஓடுகிறதா, யூரின் பை தரையில் கிடக்கிறதா, கட்டில் கம்பி ஏற்றியிருக்கிறதா, கையில் பேர்ப்பட்டை இருக்கிறதா. ஐந்தாறு படுக்கை பார்த்தாலே எந்த ஸ்டாஃபுக்கு எதில் உதவி தேவை என்று தெரிந்துவிடும். கேனுலா மூன்று பேருக்கு வீங்கியிருந்தால், அந்தப் பெண் கவனக்குறைவானவள் என்று முடிவு கட்டுவதற்கு முன், நேற்று அவளுக்கு எத்தனை நோயாளி என்று ரோஸ்டரைப் பாருங்கள்.

ஒரு கட்டுப்பாடு: நோயாளி முன்னாலோ அட்டெண்டர் (நோயாளியோடு கூட இருப்பவர்) முன்னாலோ திட்டாதீர்கள். உடனே சரிசெய்ய வேண்டியதைக் கூடச் சேர்ந்து சரிசெய்துவிட்டு, "முடிச்சிட்டு என்னை வந்து பாருமா" என்றால் போதும். நல்லதைப் பார்த்தால் மட்டும் அங்கேயே, சத்தமாக, நோயாளி காதில் விழும்படி சொல்லுங்கள்.

புதிதாக வந்த பெண்ணின் முதல் மூன்று மாதம்

நர்ஸ் ஒருவர் தேறி வருவதைப் புதியவர் என்பதிலிருந்து வல்லுநர் வரை ஐந்து நிலைகளாக 1984இல் பிரித்துக் காட்டினார் பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ். அதில் எனக்குப் பயன்பட்டது ஒரே விஷயம். புதியவளுக்கு விதி வேண்டும். அனுபவசாலி விதியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார். அந்த அனுபவசாலியிடம் புதியவளை விட்டால், "பார்த்தாலே தெரியலையா?" என்பார். அவளுக்குத் தெரியாது. பல்ஸ் 120க்கு மேல் போனால் சொல்லு, யூரின் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் சொல்லு என்று எண்ணாகச் சொன்னால்தான் அவளால் செய்ய முடியும். அதனால் புதியவளோடு சேர்த்துவிட மூன்று வருட அனுபவக்காரியே சரி. இருபது வருடக்காரர் அவள் சந்தேகம் கேட்க மட்டும் இருக்கட்டும்.

முதல் வாரம் பார்ப்பது மட்டும். அடுத்து சேர்ந்து செய்வது. அப்புறம் அவள் செய்ய, மற்றவள் பக்கத்தில் நிற்பது. ஒவ்வொரு வேலைக்கும் (கேனுலா, காதீட்டர், ரத்தம் ஏற்றுவது, சக்ஷன்) தனித்தனியாகக் கையெழுத்து. இரண்டு நோயாளியில் தொடங்கி நாலு, பிறகு முழு எண்ணிக்கை. ஆள் பற்றாக்குறை நாளில் இந்த வரிசையை உடைக்கத் தோன்றும். உடைக்க வேண்டியதாகிவிட்டால், அன்றைக்கு அவள் பக்கத்து நோயாளிகளை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறக்காமல் சொல்லித்தர வேண்டியது, ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பிப் பேசுவது. புதிய பெண்கள் ஊசிக்குப் பயப்படுவதைவிட அந்த ஃபோனுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். "சார், 14ஆம் பெட் பேஷண்ட் டல்லா இருக்கார் சார்" என்பார்கள். அவர் "சரி, பாருங்க" என்று வைத்துவிடுவார். இதற்கு எஸ்பார் என்றொரு வரிசை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான். இப்படி:

"சார், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசுறேன். 14ஆம் பெட், பி.பி. 84/50, பல்ஸ் 126. காலையில குடல் ஆபரேஷன் ஆனவர். பத்து மணிக்கு பி.பி. 118/76, பல்ஸ் 88 இருந்தது. டிரெஸ்ஸிங் நனைஞ்சிருக்கு, கடைசி நாலு மணி நேரத்துல யூரின் 60 மில்லிதான். உள்ளே ரத்தக் கசிவோன்னு சந்தேகமா இருக்கு சார். நீங்க உடனே வந்து பார்க்கணும். அதுவரைக்கும் ஃப்ளூயிட் எவ்வளவு கொடுக்கலாம்?"

இதைக் கேட்டு எந்த டாக்டரும் ஃபோனை வைக்க மாட்டார். ஒரு மத்தியானம் உட்கார வைத்து, நீங்கள் டாக்டராக நடித்து, கொஞ்சம் கோபமான டாக்டராகவே நடித்து, இதைப் பேசிப் பழக்குங்கள். அவர் ஃபோனில் சொல்லும் மருந்தை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, 'சரி' வாங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

தப்பு நடந்தால்

என் கதையைச் சொல்கிறேன். இன்சார்ஜ் ஆன முதல் வருடம். ஒரு மருந்து லேட்டானதற்காக ஒரு ஸ்டாஃபை வார்டு நடுவில் நிற்க வைத்துத் திட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள், வார்டு கட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நைட் டூட்டியில் ஒரு புதிய பெண். எட்டரை மணிக்கு ஒரு நோயாளிக்கு 10 யூனிட் ரெகுலர் இன்சுலின். நம் ஊரில் இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட்டிலும் வருகிறது, 100 யூனிட்டிலும் வருகிறது. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை, சிவப்பு மூடி ஒன்று, ஆரஞ்சு மூடி ஒன்று. அவள் 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்துவிட்டாள். உடம்புக்குள் போனது 25 யூனிட். ஒன்பது மணிக்கே குப்பியைத் திரும்ப வைக்கும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் போன வாரம் திட்டு வாங்கியவளின் முகம் ஞாபகம் வந்திருக்கிறது. சொல்லவில்லை. பதினோரு மணிக்கு அவருக்குக் கொட்டுகிற வியர்வை, சுகர் 42. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் வீணாகப் போனதற்கு அந்தப் பெண் எவ்வளவு காரணமோ அதே அளவு நானும் காரணம். இதை அவளிடமே சொன்னேன், ஒரு மாதம் கழித்துத்தான் சொல்லத் துணிந்தேன்.

மறுநாள் மருந்து டிரேயைப் பார்த்தால், இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. அவள் மாட்டினாள். மாட்டாதவர்கள் எத்தனை பேரோ!

அதனால் வரிசை இதுதான். முதலில் நோயாளி. டாக்டருக்குச் சொல்லி, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பிறகு சூப்பிரின்டெண்டுக்குத் தகவல். அன்றே இன்சிடென்ட் ரிப்போர்ட், நடந்ததை நடந்தபடி, பெயர் குறித்துக் குற்றம்சாட்டாமல். கேஸ் ஷீட்டில் எதையும் அடித்துத் திருத்தாதீர்கள், திருத்த விடாதீர்கள். அந்த ஸ்டாஃபை ஒரு டீ குடிக்க அனுப்புங்கள். கை நடுங்குகிறவள் அடுத்த மருந்தைக் கலக்கக் கூடாது. உட்கார்ந்து பேசும்போது "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று தொடங்காமல், "அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேளுங்கள். வெளிச்சம் போதவில்லையா, நடுவில் யாராவது கூப்பிட்டார்களா, இரண்டு குப்பியும் ஒரே மாதிரி இருந்ததா? பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் வார்டின் பொது டிரேயில் கிடந்தால் அன்றே எடுத்துப் பூட்டி வையுங்கள். இன்சுலின், ஹெப்பாரின் இரண்டுக்கும் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்து என்று வைத்துவிடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கச் சொல்லவில்லை. தெரியாமல் தவறியது வேறு, குறுக்குவழியில் போனது வேறு, பார்க்காத பி.பி.யைப் பார்த்ததாக எழுதியது வேறு. மூன்றாவதற்கு நான் ஒருமுறைகூட விட்டுக்கொடுத்ததில்லை. மெமோ கொடுத்தேன். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தேன்.

ஊசி குத்திக்கொண்டால் சொல்ல வெட்கப்படுவார்கள், அதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவையுங்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் டோஸ் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. மொத்தம் 28 நாள். ராத்திரியில் அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று இன்றைக்கே விசாரித்து எழுதி ஒட்டுங்கள்.

அவர்களுக்கு முன்னால் நிற்பது

அட்டெண்டர்கள் கத்தும்போது அந்தப் பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் போய் நில்லுங்கள். பாதிக் கோபம் பில்லிங்கிலும் லேட்டான டிஸ்சார்ஜிலும் பிறந்து, முன்னால் தென்பட்ட நர்ஸ் மேல் விழுவதுதான். கையை ஓங்கினால் சமாதானம் பேசாதீர்கள், செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

டாக்டர் ஒருவர் ஸ்டாஃபை எல்லார் முன்னாலும் மட்டமாகப் பேசினால், "சார், அதை நான் பார்த்துக்கிறேன், என்கிட்ட சொல்லுங்க" என்று நடுவில் நுழைந்துவிடுங்கள். பிறகு தனியாகப் போய்ப் பேசுங்கள். தகாத பேச்சு, தொடுதல் என்று ஒரு பெண் சொன்னால், "அவர் எப்பவுமே அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எழுத உதவுங்கள், கூடப் போங்கள்.

வளர்ப்பதும் அனுப்பிவைப்பதும்

நன்றாகத் தேறியவள்தான் முதலில் போவாள். ஒருத்தி அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிக்கிறாள், ஒருத்தி வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்கு, ஒரு பிரதர் (ஆண் நர்ஸ்) நைட் டூட்டியில் செல்ஃபோனில் ஜெர்மன் பி2 பாடம் கேட்கிறார். கோபப்பட்டுப் பயனில்லை, நம் சம்பளம் நமக்குத் தெரியும். படிக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல முடிகிற வார்டில், போகிற தேதியும் முன்கூட்டியே தெரியும். அது உங்களுக்குத்தான் லாபம்.

இருக்கும் வரை வளருங்கள். ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்: கிராஷ் கார்ட் ஒருத்திக்கு, தொற்றுக் கட்டுப்பாடு ஒருத்திக்கு, புதியவர்கள் வகுப்பு ஒருத்திக்கு. ஆறு மாதத்தில் மாற்றுங்கள். வாரம் ஒரு நாள், ஹேண்டோவருக்குப் பிறகு பத்து நிமிடம், ஒரே விஷயம், வார்டில் அந்த வாரம் நடந்ததிலிருந்து. ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது, பி.எஸ்சி. முடித்து ஐ.சி.யு.வில் ஆர்வம் உள்ளவர்களுக்கு கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறது. விண்ணப்பத் தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது கூடப் பல பேருக்கு உதவியாக இருந்திருக்கிறது.

வருட மதிப்பீட்டுப் படிவத்தை மார்ச்சில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்பினால், போன வாரம் நடந்தது மட்டும்தான் நினைவுக்கு வரும். அந்த நோட்டு இருக்கிறதே, அதில் மாதம் இரண்டு வரி ஆளுக்கு எழுதிவாருங்கள், தேதி போட்டு. ஒரு நல்லது, ஒரு குறை. மதிப்பெண் போடும் நாளில் அவள் அதுவரை கேட்காத குறை ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது.

உங்கள் ஃபோன்

முதல் ஆறு மாதம் வீட்டிலும் வார்டே ஓடும். சோறு பிசையும்போது ஃபோன் வரும், "சிஸ்டர், பெட்ஷீட் சாவி எங்கே?" என்று. எதற்கெல்லாம் உங்களை எழுப்பலாம் என்று எழுதி ஸ்டேஷனில் ஒட்டுங்கள். என் பட்டியலில் நாலுதான் இருந்தது: எதிர்பாராத மரணம், மருந்துத் தவறு, ஸ்டாஃபுக்கு அடியோ ஊசிக்குத்தோ, வார்டில் தகராறு. மற்றதற்கு நைட் சூப்பர்வைசர் இருக்கிறார். ஆனால் அந்த நாலில் ஒன்றுக்காக மூன்று மணிக்கு ஃபோன் அடித்தால், எடுத்தவுடன் முதல் வார்த்தை "சொல்லுமா" என்று இருக்கட்டும்.